மங்கிய படமும் மறுக்கவியலாப் பாடமும்: கல்வெட்டாய்வில் ஊடாட்டத் திசையன் வரைகலையின் தேவை

முன்னுரை

தமிழ்க் கல்வெட்டாய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே அமைப்பு காணப்படுகிறது. கல்வெட்டின் பாடம் தெளிவான அச்சில் இருக்கும். அதனருகில் கல்லின் ஒளிப்படமோ மைப்படியோ கறுத்து மங்கிக் கிடக்கும். பாடத்தைப் படிக்கலாம், படத்தைப் படிக்க இயலாது. பாடம் சரியானதுதானா என்று ஐயுறும் வாசகருக்கு அப்படம் எவ்வகையிலும் துணைசெய்வதில்லை. ஆயினும், படம் இடம்பெற்றதனாலேயே சான்று காட்டப்பட்டுவிட்டதாகக் கட்டுரையாளரும் பதிப்பாசிரியரும் வாசகரும் ஒருசேர ஏற்றுக்கொள்கிறோம்.

இவ்வழக்கம் ஆய்வு அறத்திற்கு மாறானது என்பது இக்கட்டுரையின் முதற்கருத்து. இக்குறையை நீக்கவல்ல கருவி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், அதனைப் பொறியாளர் பணியென்று தமிழ்த்துறைகள் ஒதுக்கி வந்துள்ளன என்பது இரண்டாவது கருத்து. அக்கருவி, வெக்டர் கிராபிக்ஸ் என வழங்கும் திசையன் வரைகலை ஆகும். வாசகர் தொட்டும் பெருக்கியும் அடுக்கடுக்காகப் பிரித்தும் பார்க்கத்தக்க வகையில் அதனை இணையத்தில் அமைப்பதே ஊடாட்டத் திசையன் வரைகலை எனப்படுகிறது.

ஓர் ஊர்ப்பெயரும் ஒரு கல்வெட்டும்

வாதம் பொதுமையில் நின்றுவிடாதிருக்க ஒரு சான்றிலிருந்து தொடங்குவது நலம். இக்கட்டுரையாளர் வாழும் நீலசந்திரா, பெங்களூரு நகரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்று. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மடிவாளா சோமேசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிலின் புறச்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் கி.பி. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வேப்பூர் எனப்பட்ட இன்றைய பேகூரைச் சேர்ந்த ஒருவர் அளித்த நிலக்கொடையைக் கூறுகிறது. அந்நிலம் இந்நகரின் பெயரைத் தாங்கிய ஊரின் பெரிய ஏரிக்குக் கீழே அமைந்தது. பெங்களூரு என்னும் பெயரைக் கி.பி. 890ஐ ஒட்டிய பேகூர்க் கன்னடக் கல்வெட்டு முன்னரே குறிப்பிடுகிறது. ஆகவே, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இரண்டாம் வீர வல்லாளன் வெந்த பயற்றை உண்டதால் இப்பெயர் தோன்றியது என்னும் கதை வரலாற்றில் நிற்பதற்கில்லை. எனினும் பெயரின் வேர் எது என்னும் வினா இன்னும் முடிந்தபாடில்லை. வேங்கை மரத்தோடு அதனை இணைப்பாரும் உளர்.

இவ்விடத்தில்தான் எழுத்துச் சிக்கல் எழுகிறது. வெந்த என்பதோடு இணைப்பின் முதலெழுத்து குறில். வேங்கையோடு இணைப்பின் நெடில். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்துள்ளது. ஆயினும் இடைக்காலக் கல்வெட்டுகளில் அப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே நிலைதான். ஏகார ஓகாரங்களைத் தனி வடிவால் வேறுபடுத்தும் இன்றைய முறை வீரமாமுனிவர் காலத்திற்குப் பின்னரே நிலைபெற்றது. போதாக்குறைக்கு, ஆகாரத்தின் காலும் ரகரமும் கல்லில் ஒரே உருவம் கொண்டு மயங்குகின்றன. எனவே, கல்வெட்டுப் பாடம் அச்சில் ஏறும்போது ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு குறில் நெடிலும், ஒவ்வொரு சொற்பிரிப்பும் பதிப்பாசிரியரின் முடிவாகவே அமைகின்றன. அவை கல் கூறியவை அல்ல.

மடிவாளாக் கல்வெட்டின் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எடுத்தாளுவோர் ஒலிக்குறிகளை விட்டு எழுதுவது வழக்கம். அப்போது குறில் நெடில் ஐயம் மறைகிறது. லகர ளகர வேறுபாடும் உடன் மறைகிறது. பின்னர் அவ்வாங்கில வடிவத்திலிருந்து தமிழிற்குத் திரும்புவோர் தத்தம் விருப்பத்திற்கேற்ப வெங்கலூர், வெங்களூர், வேங்களூர் என எழுதுவதற்கு இடமேற்படுகிறது. மடிவாளாவிற்கு அருகிலுள்ள தொம்மலூரின் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளிலும் இதே நிலையைக் காணலாம். தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயர் கொண்ட அவ்வூரின் பழம்பெயரைத் தொம்பலூர் என்று படிப்பதா, தோம்பலூர் என்று படிப்பதா? புள்ளியிடாத எழுத்து மரபு இதற்கு விடை தருவதில்லை.

கல்லால் இவ்வினாவைத் தீர்க்க இயலாமற் போகலாம். ஆனால், கல் தீர்க்கவில்லை என்னும் செய்தியை அச்சு மறைத்தல் கூடாது. நம் ஆய்விதழ்கள் அதனை மறைக்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதன்று இது. படத்தையும் பாடத்தையும் இணைக்கும் வழி பக்கத்தில் இல்லாமையால் நேர்வது.

திசையன் வரைகலை செய்வது யாது?

ஒளிப்படம் என்பது நிறப்புள்ளிகளின் தொகுதி. அதனைப் பெருக்கினால் புள்ளிகள் பெருக்குமேயன்றி எழுத்து தெளிவதில்லை. எது எழுத்து, எது கல்லின் வெடிப்பு என்பதை அப்படம் அறியாது. திசையன் வரைகலையோ கோடுகளைக் கணித ஆயங்களாகப் பதிவு செய்கிறது. எத்துணை பெருக்கினும் கோடு சிதைவதில்லை. அதனினும் இன்றியமையாத பண்பு ஒன்றுண்டு: இங்கு ஒவ்வொரு கோடும் தனிப்பொருளாகும். அதற்குப் பெயரிடலாம், குறிப்புச் சேர்க்கலாம், பிற கோடுகளோடு ஓர் அடுக்காகத் தொகுக்கலாம், அவ்வடுக்கை வாசகர் மறைக்கவும் காட்டவும் செய்யலாம்.

இணையத்திற்கான திறந்த திசையன் தரமாகிய எஸ்விஜி, உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக 2001 செப்டம்பரில் வெளிவந்தது. அது வெற்றுரைக் கோப்பு. எந்த எழுதுபொறியிலும் திறந்து படிக்கலாம். படத்தினுள் வரும் தமிழை ஒருங்குறியிலேயே வைத்தால் அதனைத் தேடலாம், படியெடுக்கலாம். ஒளிப்படத்தையே அடியில் ஓர் அடுக்காக அமைத்து அதன்மேல் கோடுகளை வரையவும் இயலும்.

மடிவாளாக் கல்வெட்டின் அந்த ஒரு வரியை இம்முறையில் வெளியிட்டால் எவ்வாறு அமையும் என எண்ணிப் பார்க்கலாம். முதலடுக்கில் கல்லின் ஒளிப்படம். இரண்டாம் அடுக்கில் பதிப்பாசிரியர் கண்ட கீறல்கள் மட்டும். உறுதியானவை முழுக்கோடாகவும் ஐயத்திற்குரியவை விட்டுவிட்ட கோடாகவும் இருக்கும். மூன்றாம் அடுக்கில் எழுத்தடையாளம், புள்ளியின்றி, கல்லில் உள்ளவாறே. நான்காம் அடுக்கில் புள்ளியும் குறில் நெடிலும் சொற்பிரிப்பும் கொண்ட பாடம். வாசகர் ஊர்ப்பெயரைத் தொட்டால் மாற்றுப் பாடங்களும் அவற்றுக்குரிய காரணங்களும் தோன்றும். நான்காம் அடுக்கை நீக்கிவிட்டுத் தாமே படித்துப் பார்க்கலாம். மறுக்க விரும்புவோர் எந்தக் கோட்டை மறுக்கிறார் எனச் சுட்டி மறுக்கலாம். அறிவியல் என்னும் சொல்லுக்கு, பிறர் சோதித்துப் பார்க்க இடந்தருதல் என்பதைவிட எளிய பொருள் வேறில்லை. அவ்வகையில் கல்வெட்டாய்வு அறிவியலாதற்கு இது ஒரு வழி.

இது நம் மரபிற்குப் புதிதன்று

இக்கோரிக்கையை மேலைநாட்டுப் புதுமை என்று தள்ளுவார்க்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியுள்ளது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தாம் கண்ட ஏட்டுச் சுவடிகளைப் பற்றி உரைத்தார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். தம் பாடமே முடிந்த முடிவென்று வாசகரை நம்பச் செய்ய அவர் விழையவில்லை. பாடவேறுபாட்டுக் குறிப்பு என்பது அக்கால அச்சு அளித்த அடுக்கு. ஹுல்ஷ் 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையும் சிதைந்த எழுத்துகளையும் பதிப்பாசிரியர் சேர்த்தவற்றையும் பகர அடைப்புகளாலும் குறிகளாலும் பிரித்துக் காட்டியது. ஐரோப்பியக் கல்வெட்டறிஞர் 1931இல் லைடன் மரபு எனப்படும் குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டதும் இந்நோக்கத்திற்கே. அதனைக் கணினிக்கேற்ப அமைத்த எபிடாக் முறையில், 2019இல் தொடங்கப்பட்ட தர்மா என்னும் ஐரோப்பிய ஆய்வுத்திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் பதிப்பித்துள்ளது.

கணினி தமிழாய்வாளர் பணியன்று என்பாருக்கு ஐராவதம் மகாதேவன் வாழ்வே விடை. சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவைக் கணினித் துணையால் உருவாக்கி 1977இல் அவர் வெளியிட்டார். 2003இல் வெளிவந்த அவருடைய தொடக்கத் தமிழ்க் கல்வெட்டியல் நூலில் பாடத்தோடு கைவரைபடிகளுக்கும் உரிய இடம் தரப்பட்டது. குகைத்தளங்களில் நேரில் கண்டு வரைந்த அக்கோடுகளே, அவர் பாடத்தை ஏற்பார்க்கும் மறுப்பார்க்கும் பொதுக்களமாயின. கைவரைபடி இருந்ததனால்தான் அவரோடு வாதிட முடிந்தது. இன்று நம் இதழ்களில் வரும் மங்கிய படங்களோடு யார் வாதிட இயலும்?

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் நான்கு முதன்மையானவை.

முதலாவது மறுப்பு, இது அழகூட்டும் வேலை என்பது. இக்கட்டுரையாளர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையோடு இத்தகைய அடுக்குப்படம் ஒன்றையும் இணைத்திருந்தார். அதனைச் சாதாரண ஒளிப்படமாக மாற்றித் தருமாறும், வண்ணம் வேண்டாவென்றும் பதில் வந்தது. அச்சில் அது விரலளவு கருந்திட்டாக வெளிவந்தது. கட்டுரையின் வாதம் முழுவதும் அப்படத்தில் ஒரு கோடு வளைகிறதா நிமிர்கிறதா என்பதைச் சார்ந்திருந்தது. வாதம் அச்சாயிற்று, சான்று அச்சாகவில்லை. இதனை அழகுக்குறை என்று கூறி அமைய முடியுமா?

இரண்டாவது மறுப்பு, இணையம் நிலையற்றது, அச்சே நிலைத்தது என்பது. இதில் ஓரளவு உண்மையுண்டு. 2000களில் ஊடாட்டப் பாடங்கள் பல மொழிகளில் ஃப்ளாஷ் மென்பொருளில் ஆக்கப்பட்டன. 2020 இறுதியில் அம்மென்பொருளை அதன் உரிமையாளரே கைவிட்டபோது அவை உலாவிகளில் இயங்காதொழிந்தன. எஸ்விஜி தரத்திற்கும் தொடக்கக் காலத்தில் இடர்ப்பாடு இருந்தது. அன்று பெரும்பான்மையோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் அதனை நேரடியாகக் காட்டியது. அன்றைய தயக்கம் நியாயமானது. இன்று புழக்கத்திலுள்ள உலாவிகள் அனைத்தும் அதனைக் காட்டுகின்றன. ஒரு நிறுவனத்தின் உடைமையாயிருந்தது அழிந்தது. திறந்த தரமாக இருந்தது நிலைத்தது. இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் இணையத்தை விலக்குவதன்று, திறந்த தரத்தைத் தேர்வதே. வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டெழுதிய பழைய கோப்புகளைத் திறக்கவியலாமல் தவித்த தமிழாய்வாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அச்சைக் கைவிடவும் வேண்டாம். கட்டுரை அச்சிலும் படக்கோப்பு நூலகத்தின் எண்மக் களஞ்சியத்திலுமாக இரண்டும் இருக்கட்டும்.

மூன்றாவது மறுப்பு, வசதியும் பயிற்சியும் இல்லை என்பது. இன்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எளிய கணினியிலும் இயங்கும். பிராமி எழுத்துகள் 2010இலும், பழந்தமிழுக்கே உரிய குறில் எகர ஒகரமும் புள்ளியும் உள்ளிட்ட வடிவங்கள் 2021இலும் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டன. பயிற்சியைப் பொறுத்தவரை, யாப்பும் நன்னூலும் கற்ற மாணவர்க்கு இக்கருவி கடினமானதன்று. கல்வெட்டு வரியொன்றின் ஒளிப்படத்தை இரு மாணவியரிடம் தந்து, தாம் காணும் கோடுகளை மட்டும் தனித்தனியே வரையச் செய்தபோது, இருவர் படங்களும் ஐந்து இடங்களில் வேறுபட்டன. அவ்வேறுபாடுகளைப் பற்றி நிகழ்ந்த உரையாடலில், ஒரு பருவம் முழுதும் கரும்பலகையில் எழுத்து வளர்ச்சியை விளக்கியதனினும் மிகுதியாக அவர்கள் கற்றனர்.

நான்காவது மறுப்பே வலிமையானது. திசையன் கோடு கல்லின் படியன்று, வரைந்தவரின் கருத்து. தெளிந்த கோட்டைக் கண்ட வாசகர் அதனையே கல்லென மயங்குவார். எனவே மங்கிய ஒளிப்படமே நேர்மையானது என்பர். கோடு கருத்தே என்பது உண்மை. ஆயின் ஒளிப்படத்தோடு அச்சாகும் பாடமும் கருத்துதானே? அக்கருத்து எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை இன்றைய முறை காட்டுவதில்லை, அடுக்குமுறை காட்டுகிறது. ஆகவே இம்மறுப்பு திசையன் வரைகலையைத் தனித்து வெளியிடுவதற்கு எதிரானது என்ற அளவில் ஏற்கத்தக்கது. அடியில் ஒளிப்படம் இன்றிக் கோட்டுப்படம் மட்டும் தரும் கட்டுரையை ஏற்றல் கூடாது என்பதை இக்கட்டுரையாளரும் வலியுறுத்துகிறார்.

நாம் ஒதுங்கியதால் நேர்வது

பெங்களூருவிலுள்ள மிதிக் சொசைட்டி 1909இல் தோன்றிய ஆய்வமைப்பு. அதன் சார்பில் 2021இல் பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் திட்டம் தொடங்கியது. வரலாற்றார்வம் கொண்ட பொறியாளரும் தன்னார்வலரும் அதில் உழைத்துள்ளனர். சாக்கடையோரத்திலும் கட்டட இடிபாட்டிலும் கிடந்த கற்கள் ஒளிவருடப்பட்டன. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் இப்பகுதிக் கல்வெட்டுகளின் பாடங்கள் உள்ளன. மிகச் சிலவற்றுக்கே கல்லின் உருவம் தரப்பட்டது. நூறாண்டுக்குப் பின் அக்குறையை நிரப்ப முன்வந்தோருள் தமிழ்த்துறையினர் எத்தனை பேர்? இக்கற்களுள் தமிழ்க் கற்கள் பல. அவற்றைப் படிக்கும் பயிற்சி நமக்கே உரியது என்று நாம் பெருமை கொள்கிறோம். பயிற்சி நம்மிடமும் படங்கள் பிறரிடமுமாகப் பிரிந்து கிடப்பது மொழிக்கு நன்மையன்று.

தமிழகத்திலிருந்து மற்றொரு சான்று. தமிழ்நாட்டு 140 இடங்களில் கிடைத்த 15,000க்கு மேற்பட்ட கீறல் குறியுடைப் பானையோடுகளை ஆராய்ந்த நூல் ஒன்றை மாநிலத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. கீறல் குறிகளுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றுக்குச் சிந்துவெளிக் குறிகளில் இணை காணப்படுவதாக அது கூறியது. சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோர்க்குத் தமிழக அரசு 10 இலட்சம் டாலர் பரிசும் அறிவித்தது. இம்முடிவு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் இரு குறிகள் இணையானவை என்னும் கூற்று, இரு கோட்டுருவங்களை அருகருகே வைத்துப் பார்த்தெழுந்த கூற்று. எந்தக் கோடு ஓட்டில் உள்ளது, எது உடைவு, எவ்வளவு வேறுபாடு வரை ஒரே குறியெனக் கொள்ளப்பட்டது என்பனவற்றைக் குறிதோறும் சோதிக்க வாசகர்க்கு வழி வேண்டும். அவ்வழி உள்ளபோது மறுப்பவர் காரணம் காட்டி மறுக்க நேரும். ஏற்பவரும் காரணத்தோடு ஏற்பர். அது இல்லாதபோது ஆதரவும் எதிர்ப்பும் இனப்பற்றாகவும் இனவெறுப்பாகவும் மட்டுமே எஞ்சும். தமிழின் தொன்மையைப் பற்றிய வாதங்களில் இந்நிலையை நாம் பலமுறை கண்டுள்ளோம். நம் சான்றுகளை உலகம் மதிக்கவில்லை என வருந்துமுன், உலகம் சோதிக்கத்தக்க வடிவில் அவற்றைத் தந்தோமா என வினவிக்கொள்வது முறை.

செய்ய வேண்டுவன

பதவி உயர்விற்குரிய மதிப்பெண்ணில் இத்தகைய பணிக்கு இடமில்லை என்னும் முறையீடு உண்டு. ஆய்விதழ்களின் தரத்தைத் தீர்மானிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்த கேர் பட்டியல் முறை 2025இல் கைவிடப்பட்டு, அப்பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. ஆகவே, மேலிடத்தைச் சுட்டித் தப்பிக்கும் வாய்ப்பு முன்னினும் குறைந்துள்ளது. தமிழ்த்துறைகள் தாமே செய்யத்தக்கன மூன்று.

1. கல்வெட்டு, சுவடி, பானைக்கீறல் பற்றிய கட்டுரை எதுவாயினும், பாடம் சார்ந்துள்ள உருவத்தின் அடுக்குப்படக் கோப்பை உடன் பெற்று, இணையத்தில் வெளியிட்ட பின்னரே அச்சேற்றுதல் வேண்டும்.

2. முனைவர்பட்ட ஆய்வேடுகளுக்கு இவ்விதி பொருந்தவேண்டும். 2009 முதல் ஆய்வேட்டின் மின்படியும் வேண்டப்படுகிறது. அம்மின்படியோடு படக்கோப்புகளையும் நூலகத்தில் ஒப்படைத்தல் அரிதன்று.

3. முதுகலைக் கல்வெட்டியல் தாளில் வரைபடி எடுத்தல் செய்முறைப் பயிற்சியாகவும், ஒருவர் வரைந்ததை மற்றொருவர் மறுத்தல் தேர்வுப் பகுதியாகவும் அமைதல் வேண்டும்.

முடிவுரை

தமிழாய்வில் பெரியோர் வாக்கிற்கு மதிப்பு மிகுதி, அது தவறன்று. ஆனால் பெரியோர் வாக்கு சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது தவறு. மங்கிய படம் அதற்குத் துணைபோகிறது. அடுக்குகளாய்ப் பிரித்துப் பார்க்கத்தக்க படத்தை வெளியிடும் ஆய்வாளர், தாம் பிழைத்திருக்கக்கூடிய இடத்தைத் தாமே சுட்டிக் காட்டுகிறார். அதற்குத் துணிவு வேண்டும். மடிவாளாக் கல்லில் இந்நகரின் பெயர் எழுநூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் முதலெழுத்து குறிலா நெடிலா என்பதை எவரும் இறுதியாக உரைக்க இயலாமற் போகலாம். அக்கோடுகள் எவையென நீலசந்திராவின் ஒரு மாணவியும் தில்லியின் ஒரு பேராசிரியரும் யாழ்ப்பாணத்தின் ஓர் ஆய்வாளரும் ஒரே நாளில் கண்டு வாதிடச் செய்ய இயலும். கல் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆதலின் தமிழ்த்துறைகள் இப்பணியை இனியும் பிறர் பணியென்று ஒதுக்குதல் தகாது.